விருந்துண்ட விதைகள்

நலமே பெருகுக. மழை வழுவா மலையும் மொழி வழுவா மக்களும் உடைய முகிற்கோட்டு நாட்டின் வேள் நெடுங்கானார் திருமுன்னர், நெடுவயல் நாடாளும் நீலமாதேவியார் ஆணையால் அமைச்சர் மாறங்காரி விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் புனங்களில் கிளிகள் மட்டுமே பசித்திருக்க.

சென்ற கார்ப்பருவத்தில் தாங்கள் அன்புடன் இறக்கியனுப்பிய ஆறுவகை மலை மக்காச்சோளமும் எம் கழனிக் கண்காணி ஆதன் கிழாரிடம் ஒப்புவிக்கப்பட்டன. மூன்றாண்டாக வானம் பொய்த்த எம் மேட்டுப்புலத்தார்க்கு ஏற்ற விதை ஒன்றேனும் தேறுமா என்று காண்பதே அவர் பணி. ஒரு போகத்தில் எம் விதையை வெல்லாவிடின் மலைவிதை மீண்டும் கீழிறங்காது என்ற தங்கள் சொல்லையும் அவர் அறிவார். அந்நினைவில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயினும் கிழார் பழுத்த விருந்தோம்பி. வந்த விதைக்கு மடைவாயில் முதலிடம், இருமடங்கு ஆட்டெரு, நாள்தோறும் நீர். எம் நாட்டு விதைக்கோ கடைவரப்பு. மலைச்சோளம் யானை மறையும் உயரம் வளர்ந்தது. கிழார் ஊரையே அழைத்துக் காட்டிப் பூரித்தார். அறுவடையன்று தோகையை உரித்தால் கதிரெல்லாம் பொக்கைவாய்! ஆறில் ஒன்றும் எம் விதையின் பாதிகூட விளையவில்லை.

அவர் தலைகவிழ்ந்து நின்ற களத்துக்கு அவர் கழனியில் விதையூன்றிய மேட்டுப்புலத்து உழத்தி வேம்பி ஒரு கூடையோடு வந்தாள். விதைப்பெட்டியில் மிஞ்சியது விதைத்த கைக்கே என்பது எம் வழக்கு. அவ்வாறு பெற்ற, தங்கள் ஆறனுள் ஒன்றான செம்மணி வகையில் இரு பிடியைத் தன் செம்மண் மேட்டில் வானத்தை நம்பி ஊன்றியிருந்தாள். பக்கத்துச் சாலில் எம் நாட்டு விதை கருகிப்போக, இக்கதிர்கள் நுனிவரை மணி கோத்திருந்தன. "விருந்தாளின்னு ஊட்டி ஊட்டியே கெடுத்துப்புட்டீங்களே அய்யா! இது தண்ணி தங்காத மலப்பாறையில பட்டினியிலயே வளந்த வித்தாச்சே" என்று அவள் கூறியதை, கிழார் வேண்டியபடி, அவள் வாய்மொழியாகவே பொறித்தோம்.

கிழார் இரண்டு விளைவையும் மறைக்காமல் அவையில் வைத்தார். பிழை விதையினது அன்று, தமது என்றுரைத்துக் கண்காணிக் கோலையும் கீழே வைத்தார். தேவியார் வாய்விட்டு நகைத்து அதனை எடுத்து அவர் கையிலேயே தந்தார்.

தாங்கள் விதித்தபடி பார்த்தால் மீண்டும் கேட்க எமக்கு உரிமை இல்லை. இருந்தும் வெட்கத்தை விட்டுக் கேட்கிறோம்: இவ்வோலை கொணரும் கிழாரிடம், மேட்டுப்புலம் முழுமைக்கும் போதுமான செம்மணி விதை தந்தருள்க.

கலப்பை இலச்சினையிட்டுத் தேவியார் பிறப்பித்த ஆணையும் இதனுடன் காண்க: இம்முறை விதை மேட்டிலேயே ஊன்றப்படும், வேம்பியே அதற்குக் கண்காணி, ஆதன் கிழார் வரப்பில் நின்று பார்க்கலாம், கையில் நீர்க்குடம் மட்டும் இருத்தலாகாது.