மூன்று நிமிட அழுகை

ஜெர்மனி
நவம்பர் 2004

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

முழங்கால் வலி தேவலையா? அம்மா பிரஷர் மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா? நான் சௌக்கியம்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, கவலைப்பட வேண்டாம். ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலிருந்து வர்வாரா என்ற வயதான அம்மாள் வந்திருக்கிறார். அழிந்துகொண்டிருக்கும் கொர்யாக் மொழியில் அவர் பேசுவதைப் பதிவு செய்வது என் வேலை. புதன்கிழமை பதிவின் நடுவே, அவருடைய அக்கா இறந்துவிட்டதாக போன் வந்தது. அவரோடு அந்த மொழியில் பேச மிஞ்சியிருந்தவர் அந்த அக்கா ஒருவர்தான். வர்வாரா கொர்யாக்கிலேயே அரற்றி அழுதார்.

நான் மெஷினை நிறுத்தப் போனேன். கூட இருந்த என் பேராசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடட்டும், விடு. இந்த மொழி ஒப்பாரி நம் பதிவுகளில் ஒன்றுகூட இல்லை" என்றார்.

அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது அப்பா. ஆனாலும் கையை உதறி நிறுத்த எனக்கு மூன்று நிமிடம் ஆனது. அதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் என்னைப் பதிவு வேலையிலிருந்து எடுத்துவிட்டார். அந்த மூன்று நிமிடத்தை வகுப்பில் போட்டுக் காட்டினார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். பக்கத்து அறையில் வர்வாரா தேநீரோடு உட்கார்ந்து, தன் அழுகையைத் தானே சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்காலர்ஷிப்புக்கு ஒன்றும் ஆகாது. யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள், ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

நிருபமா