நீ வந்து சொல்லும்வரை

அன்புள்ள லூபென்,

நலம்தானே? போனை எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் பதில் போடுவதில்லை. கிழித்துப் போடுவதற்காகவாவது பிரித்துப் பார்ப்பாய் என்றுதான் தபாலில் எழுதுகிறேன். உன் அக்காவிடம் சண்டை போட்டு விலாசம் வாங்கினேன். அவளைக் கோபிக்காதே.

முதலில் நம் அறுவை சிகிச்சைத் துறையின் செய்தி. பேராசிரியர் கராஜோவ் ஓய்வு பெற்றுவிட்டார் என்று பெயர்தான். காலைக் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும் திட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். பயிற்சி மருத்துவர்கள் இங்கே கத்தி பிடிக்கக் கற்பதற்கு முன்பே ஜெர்மன் பேசக் கற்றுவிடுகிறார்கள். பாதிப் பல்கேரியா அங்கேதானே இருக்கிறது. போன வாரம் குடலிறக்க ஆபரேஷன் பார்க்க மாணவர்கள் வந்தார்கள். ஒருவன் மயங்கி விழுந்தான், அவனைத் தாங்கப் போனவனும் விழுந்தான். "நெவேனா, நீ மயக்க மருந்தே குடுக்காம தூங்கறானுங்க பாரு, நாளையிலேர்ந்து உனக்கு வேலை இல்ல" என்று தலைமை நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்.

எழுத வந்தது இதை அல்ல. வெலிகா அம்மாவைப் பற்றி. பெயரைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிடாதே.

அவள் மகன் யவோரை மோட்டார் சைக்கிள் விபத்தில் கொண்டுவந்த அன்று, மூன்றாம் ஆபரேஷன் அறைக்குள் போகுமுன் நீ அவள் தோளைத் தொட்டு, எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னாய். "நானே வெளிய வந்து சொல்றேம்மா. அதுவரைக்கும் யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்க." வராந்தாவில் நிற்கும் ஆட்கள் கண்டதையும் சொல்லிக் குடும்பத்தாரைக் கலங்கடிக்கிறார்கள் என்று உனக்குக் கோபம். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அவன் கல்லீரல் கிழிந்திருந்தது. மயக்க மருந்து கொடுத்துவிட்டுத் தலைமாட்டில் நின்றவள் நான். அந்த இரத்தத்தை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. மேசையிலேயே அவன் உயிர் போனபின், அவளிடம் வந்து சொல்லாமல் நீ பின்படிக்கட்டு வழியாக இறங்கிப் போனாய். அந்த மாதமே ஜெர்மனி.

ஆறு வருடமாகிறது, லூபென். அவள் இன்னும் நம்பவில்லை. பேராசிரியர் சொன்னார், நான் சொன்னேன், பாதிரியார் வந்து சொன்னார். அடக்கத்துக்கு அவள் வரவே இல்லை. "யாரு பெத்த பிள்ளையோ, பாவம்" என்று தன் அண்ணன் கையில் பூ கொடுத்து அனுப்பினாள். நம் ஊரில் எந்தக் கதவில்தான் கறுப்புக் கட்டம் போட்ட இறப்பு அறிவிப்பு இல்லை? அவள் கதவில் மட்டும் இல்லை. அண்ணன் ஒட்டியதைச் சுரண்டி எடுத்துவிட்டாள். இறந்தவர் நினைவாகக் கொடுக்கும் வேகவைத்த கோதுமையை அவனுக்காக இன்றுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. ஆபரேஷன் நாட்களில் தலை வாரி, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்து, மூன்றாம் அறைக்கு எதிரே உட்கார்ந்துவிடுகிறாள்.

உன்னிடம் சொன்னால் என்ன, அந்த அறையில் வேலை செய்ய எனக்குப் பயமாக இருக்கிறது. நோயாளியைத் தூங்க வைத்தபின் இன்னொருவர் மூச்சு விடுவது போலக் கேட்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். நர்ஸும் திரும்பிப் பார்க்கிறாள்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த அஸேனுக்கு விவரம் தெரியாது. "ஆபரேஷன் எப்படிப் போகுது தம்பி?" என்று அவள் கேட்டிருக்கிறாள். உள்ளே ஏதோ பித்தப்பை நடந்துகொண்டிருந்தது. "ரொம்ப நல்லாப் போகுதும்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டான். மறுநாள் துறைக்கே பனித்சா சுட்டு எடுத்து வந்தாள், சூடு ஆறாமல், பாலாடைக்கட்டி வழிய வழிய. ஒவ்வொருவர் கையிலும் அவளே வைத்தாள். தின்றோம். வேறு என்ன செய்ய?

இப்போது அவளுக்கே குடலில் கட்டி. ஸ்கேனை நானே பார்த்தேன். இப்போது எடுத்தால் பிழைத்துக்கொள்வாள். கோடைவரை விட்டால் வயிற்றைத் திறந்து பார்த்து மூட வேண்டியதுதான். கெஞ்சினோம், மிரட்டினோம். "நான் மயங்கிக் கிடக்கிற நேரத்துல டாக்டரு வெளிய வந்துட்டா? வாசல்ல யாரு இருப்பா?" என்கிறாள். நீ ஊரிலேயே இல்லை, ஜெர்மனியில் இருக்கிறாய் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அவரு பொய் சொல்ற ஆளு இல்லம்மா. வந்து சொல்றேன்னாரே."

நீ அங்கே கத்தியைத் தொடுவதில்லை, காப்பீட்டு அலுவலகத்தில் மற்றவர்கள் செய்த ஆபரேஷன்களைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறாய் என்று உன் அக்கா அழுதாள். நம் வகுப்பிலேயே உன் கைதான் நல்ல கை.

வா, லூபென். ஒரு நாள் போதும். பச்சை உடையைப் போட்டுக்கொண்டு அந்தக் கதவு வழியாக வெளியே வந்து, உன் வாயால் சொல். அழுவாள். அடித்தாலும் அடிப்பாள், அடிக்கட்டும். நான் பக்கத்தில் நிற்கிறேன். மறுநாள் நானே அவளைத் தூங்க வைக்கிறேன். கத்தியை யார் பிடிப்பது என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டருக்கு ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டுமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "எம்மா நேரமா உள்ள நின்னுக்கிட்டே இருக்காரு, காலு கடுக்காதா? ஒரு வாய் தண்ணியாச்சும் குடுத்தீங்களா? ஆண்டவன் அவரு கையை விடமாட்டான். நான் இங்கதான் இருக்கேன், அவசரமே இல்லன்னு சொல்லும்மா."

சொல்லிவிட்டேன். நீ அவசரப்படு.

என்றும் உன்
நெவேனா