லோடு கேட்ட சேகர்

பௌர்ணமி, வியாழன் இரவு.

கிரிவலத்துக்குக் கூட்டம் வருகிற நாளில்தான் எங்கள் தண்ணீர் பாட்டில் கம்பெனிக்கு ஆர்டர் குவியும். அன்றைக்குப் பார்த்துத்தான் ஆட்கள் வரமாட்டார்கள். பாதிப் பேர் கிரிவலப் பாதையிலேயே இருக்கிற அடி அண்ணாமலைக்காரர்கள். வீட்டு வாசலிலேயே கடை போட்டுவிடுகிறார்கள். முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம் என்றால் முதலாளி விடமாட்டார். போன மாதம் மழையில் கூட்டம் கம்மியாகி, நிரப்பியதெல்லாம் தேங்கிவிட்டது. அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

இன்று மெஷினை ஓட்டியது நானும் வாட்ச்மேனும்தான். பெயருக்குத்தான் நான் சூப்பர்வைசர். சாயங்காலம் ஆபரேட்டர் சேகர் போன் செய்தான். காய்ச்சல் என்று லீவு சொன்னவன்.

"மேடம், கடையில தண்ணி தீந்துடுச்சு. ஒரு லோடு சீக்கிரம் அனுப்புங்க."

"நிரப்பறதுக்கு இங்க யாரு இருக்கா சேகர்?"



"சரி மேடம், வேற கம்பெனி தண்ணி எறக்கிக்கறேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

தோளெல்லாம் வலிக்கிறது. நாளைக் காலை ஆட்கள் ஒருவர் விடாமல் வந்து நிற்பார்கள். ஆர்டர் இருக்காது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இத்தனை பேரு எதுக்கும்மா?" என்று கேட்பார்.