அம்மன் ஏறும் லாரி

ஈப்போ,
வெள்ளி காலை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? பாரிட் புந்தாரில் மழை நின்றதா? நான் நலம். டியூஷன் வகுப்புகள் ஒழுங்காக நடக்கின்றன.

என் வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய லாரியில்தானே வருடந்தோறும் தோட்டத்து மாரியம்மன் ஊர்வலம் வருவாள்? இம்முறை புதுப் புகைக்குழாய் மாட்டியதும் வண்டி முழுக்க அதிர்ந்தது. கோயில் தலைவர் மாயாண்டி, “அம்மன் செலை ஆடுது டீச்சர். வேற லாரி பாக்குறோம் லா,” என்றார். மெக்கானிக் பவித்ரனோ, “பழைய இஞ்சின் ஆன்டி, அப்படித்தான் இருக்கும்,” என்றான்.

நான் விடவில்லை. குழாயை ஒட்டிய அடிச்சட்டத்தில் சாக்பீஸைத் தடவி, வண்டியை ஒரு சுற்று ஓட்டச் சொன்னேன். திரும்பி வந்தபோது குழாயின் வளைவில் வெள்ளை ஒட்டியிருந்தது. அங்கேதான் இடிக்கிறது! மண்சாலையில் கழன்று விழக் கூடாதென்று, பவித்ரன் ரப்பர் வளையத்துக்குப் பதில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறான்.

“ரப்பர் தோட்டத்துல பொறந்தவனுக்கு ரப்பர் கெடைக்கலையா?” என்றேன். தலையைச் சொறிந்தான்.

ரப்பர் மாட்டியபின், இஞ்சினை ஓடவிட்டு, தலைவரை லாரியில் உட்காரவைத்து கிளாஸின் விளிம்புவரை தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“சரி டீச்சர், அம்மன் ஒங்க லாரியிலதான்.”

உன் மருமகள் குமுதா வந்தால் சின்னக் குக்கரைக் கொடுத்தனுப்பு. பெரியதில் ஒருத்திக்குப் போடும் அரிசி அடியிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருப்பேன், போன் செய்.

வாசலில் ஹார்ன் அடிக்கிறார்கள். ஊர்வலத்தில் இன்று, அவர் இருந்தவரை உட்கார்ந்துவந்த முன்சீட்டில் உட்காரப்போவது நான்தான், அக்கா.

உன் தங்கை,
நவமணி