துடைத்த சுவர்

மார்ச் 3, செவ்வாய்

திரைச்சீலைகளைத் துவைத்து மாட்டியாகிவிட்டது. மகள் வியாழக்கிழமை வருகிறாள். போன வருடம் முழுக்க வரவில்லை. இப்போதும் தனியாக அல்ல; கேமரா, விளக்கு, ஒரு லாரி ஆட்களோடு. புதுப் பாட்டுக்கான வீடியோவை அவள் பிறந்து வளர்ந்த இந்த வீட்டிலேயே எடுக்கிறார்களாம். "எல்லாம் நிஜமா இருக்கணும்னு டைரக்டர் சொல்றாரும்மா" என்றாள் போனில்.

நல்லது. நிஜமான வீட்டைப் பார்க்கட்டும். நாளைக்கு ஜன்னல் கண்ணாடிகள். அவர் உயிரோடிருந்தால், "கல்யாணம் வீட்டுக்கா, பொண்ணுக்கா?" என்று கிண்டல் செய்திருப்பார்.

மார்ச் 4, புதன்

ஆட்கள் இன்றே வந்துவிட்டார்கள். கூடத்துச் சுவரில் ஈரக்கறை வரைகிறார்கள். ஆமாம், வரைகிறார்கள்! தேநீர்ச் சாயமும் பழுப்பு வண்ணமும் கலந்து, தூரிகையால் ஒழுகவிட்டு, தள்ளி நின்று அழகு பார்க்கிறார்கள். என் திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டு அழுக்குத் துணி தொங்குகிறது. அலமாரி மேல் ஒருவன் சல்லடையால் தூசி சலிக்கிறான். "கழுவினா போயிடும் மேடம், கவலைப்படாதீங்க" என்கிறான்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தாள். மகள் போடப்போகும் சட்டையை ஒரு பெண் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, புதுசா வாங்கி அதைக் கிழிக்கறதுக்குச் சம்பளம்! நான் கிழிச்சா மட்டும் சண்டைக்கு வர்றாங்களே" என்றாள் தையல்காரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் இந்த வீட்டை இப்படியா வைத்திருந்தேன்?

மார்ச் 5, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கூடத்துக் கறைச் சுவரில் என் படம். கல்யாணமான புதிதில் எடுத்தது. அதன் கீழே ஒரு மெழுகுவத்தி எரிந்தது. மகள்தான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாளாம். அப்போதுதான் புரிந்தது, பாட்டு எதைப் பற்றி என்று. தாயைச் சிறுவயதில் பறிகொடுத்து, இடிந்த வீட்டில் தனியாகப் பாடி வளர்ந்த பெண். அவளைத்தான் உலகம் பார்க்கப் போகிறது.

படம் கோணலாக இருந்தது. நிமிர்த்தி வைத்தேன். வேறென்ன செய்வது?

பிறகு மகள் நடக்கும் காட்சி. கான்வென்ட்டில் எங்கள் தலையில் புத்தகம் வைத்து நிமிர்ந்து நடக்கப் பழக்கினார்கள். இதே கூடத்தில் நான் அவளைப் பழக்கினேன். இன்றைக்கு நடனம் சொல்லிக்கொடுப்பவர் கத்துகிறார்: "தோளைத் தொங்கப் போடும்மா! உனக்கு யாருமில்ல, ஞாபகம் வெச்சுக்கோ!" அவள் தொங்கப் போட்டாள். நன்றாகவே வந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிட லாரிப் பக்கம் போனார்கள். நான் வாளியும் துணியும் எடுத்தேன். சுவர் முழுவதையும் துடைத்துவிட்டேன். கோபத்திலா? தெரியவில்லை. என் படத்துக்குப் பின்னால் அழுக்கு இருக்கக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பாதி ஷாட் கறையோட எடுத்தாச்சு மேடம்! இப்ப சுவர் பளபளன்னு இருக்கு! வெளிச்சம் வேற போகுது!" மறுபடி வரைய நேரமில்லை. அப்படியே எடுத்தார்கள்.

மகள் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"ஏம்மா இப்படிப் பண்றீங்க?"

"நான் செத்துட்டேனா?"

"அது நான் இல்லம்மா. அது அவ. அவளுக்குத்தான் அம்மா இல்ல. எனக்கு இருக்காங்க."

"உங்க ரெண்டு பேர்ல இப்ப யார் என்கிட்ட பேசறது?"

அவள் கண் நிறைந்தது. முகப்பூச்சு கலைந்துவிடுமென்று துடைக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

வீட்டில் எல்லாவற்றையும் பழையபடி வைத்தாகிவிட்டது. அந்தப் படத்தை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தலைகுப்புற மேசையில் கிடக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

வீடியோ வந்துவிட்டது. தையல்காரி தன் போனில் காட்டினாள். வீடு உண்மையாக இருக்க வேண்டுமாம், அம்மா மட்டும் பொய்யாக இருக்கலாமாம்.

அழகாகத்தான் எடுத்திருக்கிறார்கள். அதை மறுக்க மாட்டேன். அந்தக் கிழிந்த சட்டையில் அவளைப் பார்த்து எனக்கே அழுகை வந்துவிட்டது. யாருக்காக அழுதேன்? செத்துப்போன அந்த அம்மாவுக்காகவா?

ஏப்ரல் 18, சனி

தையல்காரி மூச்சு வாங்க வந்தாள். "அக்கா, விஷயம் தெரியுமா? ஒரு காட்சியில சுவர் கறையா இருக்காம், அடுத்ததுல சுத்தமா இருக்காம். செத்துப்போன அம்மா ஆவியா வந்து மகளுக்காக வீட்டைச் சுத்தம் பண்றாங்களாம்! ஜனங்க அதைப் பார்த்து அழுவுறாங்க."

"அது நான்தான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. வெளியில சொன்னா யார் நம்புவாங்க?"

நான் உயிரோடிருப்பதற்கு அந்தச் சுவர் ஒன்றுதான் சாட்சி. அதையே என் சாவுக்குச் சாட்சியாக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வாசலில் பூக்கள். ஒரு சின்னப் பெண் மணியை அடித்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அவங்க அம்மா எந்த ரூம்ல இறந்தாங்க?"

"இந்த வீட்ல யாரும் சாகல." உண்மைதான். அவரும் ஆஸ்பத்திரியில்தான் போய்ச் சேர்ந்தார்.

"நீங்க யாரு பாட்டி?"

"வீட்டைப் பார்த்துக்கறவ."

அதுவும் பொய்யில்லை. பொய் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள், இவ்வளவு சுலபமாக உண்மையை வைத்தே ஏமாற்றப் பழகிவிட்டேன். கதவைச் சாத்தியபின் உள்ளே நின்று நடுங்கினேன். செத்தவளுக்கு ஏன் நடுக்கம்?

மே 6, புதன்

தொலைக்காட்சியில் மகளின் பேட்டி. அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். அவள் மேலே பார்த்தாள், எச்சில் விழுங்கினாள், "இன்னைக்கு அவங்க இருந்திருந்தா..." என்று நிறுத்தினாள். பொருத்தமான இடத்தில் நிறுத்தத் தெரிகிறது. பாட்டில் மூச்சை எங்கே விட வேண்டுமென்று சொல்லிக்கொடுத்தவள் நான்.

பெட்டியை அணைத்துவிட்டேன்.

மே 20, புதன்

அவள் பிறந்தநாள். போன் செய்தேன். மேனேஜர் பெண் எடுத்தாள். "ஷூட்ல இருக்காங்க ஆன்ட்டி. யாருன்னு சொல்லட்டும்?"

யாரென்று சொல்வது? வைத்துவிட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

டைரக்டர் வந்தார். இந்த முறை செருப்பை வாசலிலேயே விட்டார். "அம்மா, அன்னைக்கு உங்க மேல கோபப்பட்டேன். நீங்க துடைச்சதுதான் ஊரெல்லாம் பேச்சு. அடுத்த பாட்டுல அந்த அம்மாவையே காட்டப் போறோம். ஒரு நடிகையை வெச்சுப் பார்த்தோம். ஆனா, அவங்க துடைக்கறதைப் பார்த்தா..."

"துடைக்கறாங்களா, தடவிக் கொடுக்கறாங்களா?"

சிரித்துவிட்டார். நான் செய்ய வேண்டுமாம். முதுகுப் பக்கமிருந்து எடுப்பார்களாம், முகம் தெரியாது. கடைசியில் மகள் பின்னாலிருந்து வந்து கட்டிக்கொள்வாள்.

"எந்த மகள்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். "அவள் வர்றாளா?" என்றுதான் வந்தது.

ஜூலை 20, திங்கள்

கறையை அவர்கள் வரைந்தார்கள்; நான் துடைத்தேன். சாம்பல் நிற உடுப்பு, காற்றுக்கு ஒரு விசிறி, காலடியில் புகை. செத்தவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு.

அவள் பின்னாலிருந்து வந்து கட்டிக்கொண்டாள். பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. பேச்சைப் பதிவு செய்யவில்லை. என் தோளில் முகத்தைப் புதைத்து, "முதுகெல்லாம் எலும்பா இருக்கே, ஒழுங்கா சாப்பிடறீங்களா இல்லையா?" என்றாள்.

என்னால் திரும்ப முடியவில்லை. முகம் தெரிந்துவிடும்.

டைரக்டர் "ஓகே" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"சரியா வரல," என்றேன். "இன்னொரு தடவை எடுங்க."