என் காரும் ஜானட் வீட்டு மின்சாரமும்

அனுப்புநர்:
த. ராசையா,
இரும்பு வியாபாரி,
மூன்றாம் மாடி வீடு,
தண்டையார்பேட்டை, சென்னை.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின் பிரிவு அலுவலகம்.

பொருள்: என் மின்சாரக் காரால் கீழ்வீட்டுத் திருமதி ஜானட்டின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது – என் மீது நானே புகார் அளித்து, அவருக்கு இணைப்பு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கம்பி வியாபாரம் செய்பவன். மொபெட்டில்தான் போய்வந்தேன். லாரிப் புகையும் தூசியும் தாங்காமல், ஊர்க் காற்றையும் நானே திருத்திவிடப் போகும் பெருமிதத்தில், பதினாறு லட்சத்துக்கு மின்சாரக் கார் வாங்கினேன். மொபெட்டை ஒன்பதாயிரத்துக்கு விற்றேன். எனக்கிருந்த கொஞ்சம் புத்தியும் அதோடு போயிற்று.

2. எங்கள் சந்தையில் எடைமேடையில் ஏற்றாமல் எதையும் வாங்க மாட்டோம். காரை மட்டும் வாங்கிய பிறகு ஏற்றினேன். ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிலோ. என் எண்பத்திரண்டு கிலோவை ஏழு கிலோமீட்டர் நகர்த்த இவ்வளவு இரும்பு எதற்கு என்று எடைமேடைக்காரர் செங்குட்டுவன் கேட்டார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஏசியைப் போட்டுக்கொண்டு நான் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருக்க, என் மொபெட்டை வாங்கியவர் தினமும் என்னைக் கடந்து போகிறார். மரியாதையாக வணக்கமும் வைக்கிறார். “இரும்பு வாங்கத் தெரிஞ்ச ஆளுக்கு வண்டி வாங்கத் தெரியலியே” என்பது என் மனைவி தேவகிருபையின் தீர்ப்பு. மேல்முறையீடு செய்யவில்லை.

3. சார்ஜ் எங்கே போடுவது என்று வாங்கும்போது யோசிக்கவில்லை. கார் நிற்பது தெருவில், ஜானட் வீட்டு ஜன்னலை ஒட்டி. மூன்றாம் மாடியிலிருந்து இறக்கிய வயர் சூடேறி உருகிவிட்டது. ஜானட் துறைமுகக் கிடங்கில் சாக்கு தைப்பவர். என் திண்டாட்டத்தைப் பார்த்து, “வயரு தானேண்ணே, நம்ம ஜன்னலாண்ட சொருவிக்க. நீ இன்னா கப்பலா ஓட்டப் போற?” என்றார். கூடுதல் கட்டணத்தை நான் கொடுப்பதாகப் பேச்சு.

4. சென்ற செவ்வாயன்று சோதனைக்கு வந்த தங்கள் ஊழியர்கள், ஜன்னலில் தொங்கிய என் கார் வயரைப் பார்த்து விசாரித்து, ஒரு வீட்டு இணைப்பிலிருந்து இன்னொருவருக்கு மின்சாரம் கொடுத்தது விதிமீறல் என்று ஜானட் பெயரில் அபராதத் தாள் எழுதி, அவர் இணைப்பைத் துண்டித்தார்கள். அவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் மாட்டியது உதவி செய்தவர். குற்றவாளியாகிய நான் அந்நேரம் நெரிசலில் இருந்தேன்.

5. ஜானட்டுக்கு ஆஸ்துமா. காலையும் மாலையும் நெபுலைசர் வைத்தாக வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். என் வீட்டிலிருந்து அவருக்கு வயர் இறக்கினால் அதுவும் விதிமீறல். ஆகவே நாள்தோறும் இரண்டு முறை, நாற்பத்தாறு படிகள் ஏறி எங்கள் வீட்டுக்கு வருகிறார். வந்ததும் பேச்சு வருவதில்லை. என் மனைவி முதுகைத் தடவுகிறாள். நல்ல காற்றுக்காகக் கார் வாங்கியவன் பக்கத்தில் நிற்கிறேன். வெட்கமாக இருக்கிறது ஐயா.

ஆகவே, அபராதத் தாளில் ஜானட்டின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதும்படியும், எத்தனை ஆயிரமானாலும் என்னிடமே வசூலிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். காரை விற்க ஆள் பார்த்தாயிற்று. எனக்காக வேறெதுவும் கேட்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு அவர் மறுபடி படியேற வேண்டும். அதற்குள் இணைப்பைத் திரும்பக் கொடுக்க ஆள் அனுப்புங்கள் ஐயா.

இடம்: தண்டையார்பேட்டை
நாள்: 14.03.2025

இப்படிக்கு,
தவறு செய்தவன்,
(ஒப்பம்) த. ராசையா