சகோதரர்களிடம் மட்டும் சொன்னது

இன்று காலை இஸ்திரிக்கார ஏகாம்பரம் துணி மூட்டையைக் கொடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையைத் தனியாக நீட்டினார். உள்ளே வெள்ளைத் துணி ஒன்று. நீல ஓரம், இடுப்பில் கட்டிக்கொள்ள இரண்டு நாடா. கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. கரிப்பெட்டியின் சூட்டு வாசனை இன்னும் போகவில்லை.

"அண்ணன் குடுத்ததுமா. ஆனி மாசத்துலேர்ந்து எங்கிட்டவே கீது. குடுக்கறதா வேணாமான்னு ரோசன பண்ணிகினே இருந்தேன். நேத்து மறுபடி ஒரு தபா தேச்சு எட்த்தாந்தேன்" என்றார்.

"இது என்ன துணின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கூட்டத்துல கட்டிக்கிற துணியாம். பன்னெண்டு வருசமா மாசாமாசம் நான்தான் தேய்க்கறேன். ஊட்ல தெரிய வேணாம்னு அண்ணன் சொல்லிச்சு."

தெருமுனையில் தள்ளுவண்டி வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்தாறு வருடம் உங்களோடு குடித்தனம் நடத்தி, உங்கள் பனியனிலிருந்து கர்ச்சீப் வரை துவைத்துப்போட்ட எனக்குத் தெரியவில்லை. ஏகாம்பரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பாவம், சொன்னதைச் செய்தவர். உங்கள் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், நிதானமாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இந்தத் துணியைக் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் சகோதரர் என்று கூப்பிடும் அந்த ரகசியச் சபையில் நீங்கள் சேர்ந்த வருடம் நம் மகள் கவிதா ஐந்தாம் வகுப்பு படித்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் உங்களுக்கு ஃபோர்மேன் பதவி கிடைத்த புதிது. கம்பெனியில் யாரோ பெரியவர் கூப்பிட்டார் என்று போனீர்கள். அதிலிருந்து ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் மதியச் சாப்பாடு முடிந்ததும் கறுப்புப் பேண்ட், வெள்ளைச் சட்டை, நம்பர் பூட்டு வைத்த தட்டையான பெட்டி. திருநின்றவூரில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்கி, அந்த மாடிக் கூடத்துக்கு. "அங்க இன்னாதான் பண்றீங்க?" என்று முதல் வருடம் கேட்டேன். "நல்லதுதான் பண்றோம்மா. அத்தோட உடு" என்றீர்கள். நானும் விட்டுத்தொலைத்தேன்.

நீங்கள் குளிக்கப் போனால் குழாயைத் திறந்துவிட்டு ஏதோ முணுமுணுப்பீர்கள். நான் கதவருகே வந்தால் நின்றுவிடும். எதிர்வீட்டு பானு அக்கா, "யார்கிட்டயாவது போன்ல பேசறாரா பாரு" என்று என்னை உசுப்பிவிட்டார். ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டேன். "தெற்கே நிற்பவர் யார்? அவர் ஏன் தெற்கே நிற்கிறார்?" என்று நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கேட்டதற்கு அதை மட்டும் சொன்னீர்கள்: சபையில் ஒவ்வொரு பதவிக்கும் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்ய வேண்டுமாம், எழுதி வைத்துக்கொள்ளக்கூடாதாம். வேறு பெண்ணில்லை என்று எனக்கு நிம்மதி. ஐம்பது வயதில் இப்படிப் பரீட்சைக்குப் படிக்கிறாரே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த மனிதருக்குக் கல்யாண நாள் மட்டும் மனப்பாடம் ஆகவேயில்லை.

வருடத்துக்கு ஒரு முறை குடும்ப விருந்து. எங்களை எல்லாம் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைப்பீர்கள். மாடிக் கதவு சாத்தியிருக்கும், வாசலில் ஒருவர் காவல் நிற்பார். கீழே நாங்கள் பெண்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல், வெஜிடபிள் பிரியாணியில் உப்பு போதவில்லை என்று பேசிக்கொண்டிருப்போம். எங்களுக்கு 'சிஸ்டர்' என்று பட்டம் வேறு.

போன தை மாதத்திலிருந்து நீங்கள் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்ப்பீர்கள். "என்னங்க?" என்றால், "மெசேஜ் வந்துகீது, படிக்கறேன், நீ நட" என்பீர்கள். நெஞ்சைத் தடவினால் "கேஸும்மா, ஒண்ணுமில்ல." நான் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தீர்களே, அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. எதற்கும் ஆகாது என்று தெரிந்தே குடித்திருக்கிறீர்கள்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷூ மாட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

உங்கள் சபைச் சகோதரர்கள் வந்தார்கள். குறை சொல்லக்கூடாது. ஃப்ரீசர் பெட்டியிலிருந்து பந்தல் வரை அவர்கள்தான் பார்த்தார்கள். உங்களைத் தூக்கிய நாலு தோளில் இரண்டு அவர்களுடையது. நான் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சபையிலிருந்து இரண்டு பேர் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் சம்பத் சார், உங்களோடு ஒரே ரயிலில் போய்வருவாரே, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தையிலயே தலபாடா அட்ச்சிகினோம் சிஸ்டர், ஆபரேஷன் பண்ணிக்கப்பான்னு. கேக்கலையே."

"எந்த ஆபரேஷன்?" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையை அழுத்தினார். சம்பத் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் விடவில்லை. கடைசியில் சொன்னார். இதயத்தில் மூன்று அடைப்பு. கம்பெனியில் ஆடிட் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறீர்கள். உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார்களாம். நீங்களோ ஆவணி முடியட்டும் என்றிருக்கிறீர்கள். ஆவணியில் சபைத் தலைவர் நாற்காலி உங்களுக்கு. படுத்துவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். பன்னிரண்டு வருட மனப்பாடம் வீணாகிவிடும். ஒரு நாற்காலிக்காக, மனுஷா!

"ஏன் சார் எங்கிட்ட சொல்லல? அஞ்சு மாசம் இருந்துதே?"

"உள்ள சகோதரனா சொன்னது சிஸ்டர். வெளிய உடமாட்டோம்னு சத்தியம் பண்ணிகீறோம். என் ஊட்லகூட சொல்லல."

அதை ஏதோ பெருமை போலச் சொன்னார். சபையில் முப்பது பேர். முப்பது பேருக்கும் தெரியும். பண்டிகைக்குப் போன் போட்டு "நல்லா இருக்கீங்களா சிஸ்டர்" என்று கேட்டவர்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தர், பெயர் சொல்லாமல் ஒரு துண்டுச்சீட்டு எழுதிப் போட்டிருந்தால்கூட உங்களை நான் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். உங்களைக் காப்பாற்றவில்லை. அவர்களில் ஒருவருக்கும் இது தப்பு என்று தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மற்றவர் பேச்சை மாற்றினார். ஆவணிக் கூட்டத்தில் உங்களுக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்து மரியாதை செய்யப் போகிறார்களாம், நான் வர வேண்டுமாம்.

"மாடிக்கு வரலாமா?"

"சாப்பாட்டுக் கூடம் வரிக்கும் வரலாம் சிஸ்டர்."

"காபியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றேன். வீட்டுக்கு வந்தவர்களை நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சம்பத் சார் டம்ளரில் பாதியை வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு உங்கள் படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம் சண்டைதான். எனக்குப் பயமாக இருக்கிறது என்று முப்பது ஆண்களிடம் சொல்ல முடிந்த உங்களுக்கு, பக்கத்துத் தலையணையில் படுத்திருந்தவளிடம் ஏன் சொல்ல முடியவில்லை? நான் அழுவேன் என்றா? அழுதிருப்பேன். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டு உங்களை உள்ளே அனுப்பியிருப்பேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விடலாம் என்றிருந்தேன். விட்டால் நானும் உங்கள் சபையில் சேர்ந்த மாதிரி ஆகிவிடும்.

போன வாரம் எனக்கு இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது. துணியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. கவிதாவுக்கு இப்போதுதான் வேலையில் கொஞ்சம் பிடிப்பு வந்திருக்கிறது, தினமும் ஆவடி தாண்டிப் போய் வருகிறாள், பெண்ணை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று பேசாமல் இருந்தேன். நாலாம் நாள், அவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "இன்னாமா, ஒரு மாதிரி கீற?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, கேஸு" என்றேன்.

சொன்ன வாயோடு அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் குரல் அது. அடுப்பை அணைத்தேன். அவளை உட்காரவைத்து, கை மரத்ததிலிருந்து மூச்சு வாங்கியது வரை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் கத்திய கத்தலில் பானு அக்கா ஓடி வந்துவிட்டார். "நாலு நாளா? நாலு நாளா எங்கிட்ட சொல்லாம இன்னாமா பண்ணிகினு இருந்த? அப்பாதான் அப்டின்னா நீயுமா? நான் யாரு உனக்கு?" டப்பாவைத் தரையில் அடித்தாள். அழுதாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கழுத்தெலும்பு தேய்மானம், ரத்தக்குறைவு, மாத்திரை போதும் என்றார்கள். திரும்பி வரும் ஆட்டோவிலும் அவள் திட்டை நிறுத்தவில்லை.

எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு வார்த்தையும் உங்களுக்கு வர வேண்டியது. தை மாதத்தில் இதே கூடத்தில் உட்கார்ந்து, என்னிடம் நீங்கள் வாங்கியிருக்க வேண்டிய திட்டு. அதை வாங்காமல் போய்விட்டீர்கள். வாங்கியிருந்தால் இருந்திருப்பீர்கள்.